பின்வீட்டு மெக்சிக்கோக்காரனும் யோகாவின் குரலும்

1

போன கிழமை பரமட்டாவில், நான் வேலை செய்யும் நீதிமன்றக் கட்டடத்தின் வாசலில், ஒரு வெள்ளைக்காரப் பெண்பிள்ளை தன் கைப்பையைச் சோதனை மெசினில் வைத்துவிட்டுக் காதில் செருகியிருந்த வயரைக் கழற்றாமலே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். “கேக்குதோ, கேக்குதோ, கேக்குதோ.”

எங்கள் ஊர் உச்சரிப்பு அப்படியே இருந்தது. நான் அந்தப் பையை இரண்டாம் தரமும் மெசினுக்குள் அனுப்பினேன். சாவிக்கொத்து, உதட்டுச்சாயம், ஒரு ஆப்பிள். வேறொன்றும் இல்லை. அது என்ன பாட்டு என்று கேட்டேன்.

“மெக்சிக்கோப் பாட்டென்று நினைக்கிறேன். நல்லாய் ஆடலாம்” என்றாள்.

பையை எடுத்துக் கொடுத்து, நாள் நல்லபடி போகட்டும் என்று சொல்லி அனுப்பினேன். அது மெக்சிக்கோச் சொல் அல்ல என்றும், அதைச் சொன்னவள் என் மனைவி யோகா என்றும், எங்கள் தையல் அறையில் ரெலிபோனைப் பார்த்துக் கத்திய சொல் அது என்றும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லவில்லை. கேட்காதவர்களுக்கு எதையும் சொல்வதில்லை என்பது என் பழக்கம்.

இந்த வருடத்தோடு நாங்கள் சிட்னிக்கு வந்து இருபது வருடம். லிட்கமில் வீடு. யாழ்ப்பாணத்தில் நான் நில அளவை அலுவலகத்தில் படம் வரைகிறவனாக இருந்தேன். இங்கே மற்றவர்களின் பைகளுக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணாடித் திரையில் பார்ப்பது என் தொழில். யோகா வீட்டிலிருந்தபடி ஒரு கொம்பனிக்குப் பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துக் கொடுக்கிறாள். ஒரே மகள் அபி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற வயது.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இந்தக் குறிப்பை எழுதலாமா என்று கொஞ்ச நாள் யோசித்தேன். சில பெயர்களை மாற்றியிருக்கிறேன். எவை என்று சொல்லமாட்டேன்.

2

எங்கள் வீட்டின் பின்சுவரோடு ஒட்டியிருந்த, கார் விடுகிற கட்டடத்தைத் திருத்தி ஒரு ஆள் இருக்கக்கூடிய அறையாக்கியிருந்தோம். அதற்கு நகரசபையிடம் அனுமதி எடுப்பதற்குள் என் தலை பாதி நரைத்தது. ஜன்னலின் உயரம் போதாது என்றார்கள். உயர்த்தினால், பக்கத்து வீட்டுக்காரரின் தனிமைக்கு இடைஞ்சல் என்றார்கள். கடைசியில் அனுமதி வந்தபோது முதல் ஆளாக அறை கேட்டு வந்தவன் எமிலியோ. முப்பத்தைந்து வயதிருக்கும். மெக்சிக்கோவில் கடலோர ஊர். கையில் ஒரு கணினியும், குழந்தைக்கு வாங்கியது போன்ற சின்னக் கிற்றார் ஒன்றும்.

என்ன வேலை என்று கேட்டேன்.

“பகலில் ஒரு சாமான் கிட்டங்கியில். மற்ற நேரமெல்லாம் என் சோனோடு” என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

மகன் என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத்தான் அவன் கொஞ்சம் இழுக்கிறான் என்று நினைத்தேன். மகனுக்கு என்ன வயது என்று கேட்டேன்.

எமிலியோ சிரித்தான். “நிறைய வயது. என் பாட்டனுக்கும் மூத்தது. நான் அதை மின்சாரத்தோடு சேர்க்கிறேன். அப்போதுதான் இளம் பிள்ளைகள் ஆடுவார்கள்.”

யோகாதான் அறையைக் கொடுக்கச் சொன்னாள். அவன் கும்பிட்ட விதம் அவளுக்குப் பிடித்திருந்ததாம். இரண்டு கிழமையாக அந்த மகன் எப்போது வருவான், ஏன் மின்சாரம் என்று யோசித்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் அபியிடம் சொன்னேன். அவள் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அப்பா, ‘சோன்’ இஸ் மியூசிக். தெயர் ஃபோக் மியூசிக். ஹி மிக்ஸஸ் இட் வித் எலெக்ட்ரோனிக் டான்ஸ். ஹி டஸின்ட் ஹாவ் எ கிட்.”

அவர்களுடைய ஊர்ப் பாட்டுக்குப் பெயர்தான் சோனாம். அதற்குப் பிறகு காது கொடுத்துக் கேட்டேன். கணினி மேளம் நாலு நாலாக, ஒரே அளவாக, சுவரில் தலையை மோதுவது போல அடித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் அந்தச் சின்னக் கிற்றார் ஆறு ஆறாக உரசிக்கொண்டு ஓடும். இடையில் பலகையில் யாரோ குதிக்காலால் தட்டுகிற சத்தம். அவன் உண்மையாகவே ஒரு பலகை மேடை செய்து அறைக்குள் வைத்திருந்தான். ஊரில் திருவிழாக்களில் அதில் ஏறிக் காலால் தாளம் போடுவார்களாம். எனக்கு அந்த இசை பிடித்ததா என்று கேட்டால், ஒரே நேரத்தில் இரண்டு கணக்குப் போடுகிற எதையும் எனக்குப் பிடிக்காது.

பிறகு எலும்பு வந்தது. ஒருநாள் காலை, தொற்றுநோய்த் தடுப்புப் பகுதியிலிருந்து போன். உங்கள் விலாசத்துக்கு ஒரு மிருகத்தின் தாடை வந்திருக்கிறது என்றார்கள். எமிலியோவிடம் கேட்டால், அது கழுதையின் தாடை, கையால் தட்டினால் பல்லெல்லாம் கிலுகிலுக்கும், அதுவும் வாத்தியம்தான் என்று சாதாரணமாகச் சொன்னான். விலாசம் என்னுடையது என்பதால் நானே அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். கருமபீடத்தில் இருந்த பெண் கேட்டாள். சாப்பிடவா, ஆராய்ச்சிக்கா, வழிபாட்டுக்கா?

“ஆடுவதற்கு” என்றான் எமிலியோ.

அப்படியொரு தெரிவு அவர்களிடம் இல்லை. அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு வழிபாடு என்று பதிந்துகொண்டாள். பிறகு எலும்பைக் கதிர் பாய்ச்சிச் சுத்தம் செய்யவேண்டும் என்று எங்கோ அனுப்பினார்கள். அது திரும்பி வர இரண்டு மாதமாயிற்று. நாங்கள் இந்த நாட்டுக்கு வரும்போதும் நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்துத்தானே விட்டார்கள் என்று யோகா சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழுதையின் தாடையை எதிர்பார்த்திருக்கிற ஒருவன் என் மனைவியும் மகளும் இருக்கிற வீட்டின் பின்பக்கம் இருக்கிறான் என்பதுதான் என் மனதில் நின்றது.

3

நான் ஏன் இப்படி என்று சிலர் கேட்பார்கள். எண்பதுகளின் கடைசியில், வெளிநாடு போவதற்காகக் கொழும்பில் கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தேன். ஒரு அறையில் ஆறு பேர். அடுத்த கட்டிலில் இருந்தவனிடம் ஒரு கசற் றெக்கோடர் இருந்தது. பழைய பாட்டெல்லாம் போடுவான். இடைக்கிடை எங்களைப் பேசவிட்டுப் பதிவு செய்து, திரும்பப் போட்டுக் காட்டிச் சிரிக்க வைப்பான். ஒருநாள் விடிய, பொலிஸ் வந்து அறையில் இருந்த இரண்டு பேரைப் பெயர் சொல்லிக் கேட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்றைக்கே றெக்கோடர்க்காரனும் அறையை விட்டுப் போய்விட்டான். அவன்தான் காட்டிக் கொடுத்தவன் என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. அதனால்தான் மறக்கவும் முடியவில்லை.

எமிலியோ மைக்கோடு திரிகிறவன். லிட்கம் ஸ்டேஷனில் ரயில் கதவு மூடுகிற சத்தத்தைப் பதிவு செய்வான். மரக்கறிக் கடையில் விலை கூவுகிறவனைப் பதிவு செய்வான். எல்லாவற்றையும் வெட்டி, ஒட்டி, அந்தக் கணினி மேளத்துக்குள் போடுவான். ஒருநாள் வேலையால் வரும்போது பார்க்கிறேன், எங்கள் தையல் அறைக்குள் சுவரோடு ஒரு மைக் நிற்கிறது. அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம்தான் அவனுடைய அறை.

“இது ஏன் இஞ்ச?” என்று யோகாவைக் கேட்டேன்.

“மெசினை றெக்கோட் பண்ணுறான். ஓவர்லொக் மெசின் நிண்டு நிண்டு ஓடுறது அவையின்ர ஊர்த் தாளம் மாதிரி இருக்காம். நான் ஓம் எண்டனான்.”

“எத்தனை நாளைக்கு?”

“அவனுக்குப் போதுமெண்டுற வரைக்கும். தைக்கிற சத்தந்தானேயப்பா. அதில என்ன இரகசியம் கிடக்கு?”

ஹோம்புஷ்ஷில் இருக்கிற பாலா அண்ணை எங்களுக்குப் பழக்கமான மனுஷர், ஓய்வுபெற்ற கணக்காளர். அவருக்கு இதைச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“போன மாதம் கழுத்தில ரை கட்டின ரெண்டு அரசாங்க ஆக்கள் என்ர வீட்ட வந்து, ஊருக்கு ஆரோட கதைக்கிறனீங்கள், என்ன கதைக்கிறனீங்கள் எண்டு கேட்டவங்கள். மரியாதையாத்தான் கேட்டவங்கள். மைக் வச்சிருக்கிற ஒருத்தன் உங்கட வீட்டுக்குப் பின்னால இருக்கிறான், நீங்கள் தேத்தண்ணி குடுக்கிறியள். கவனம் தம்பி.”

அன்றிலிருந்து நான் எமிலியோவைத் திரையில் பார்ப்பது போலப் பார்க்கத் தொடங்கினேன். யார் வருகிறார்கள், எத்தனை மணிக்குப் போகிறான், கடிதப் பெட்டியில் என்ன கிடக்கிறது. அபி அவனுடைய அறைக்குப் போய்க் கணினியில் ஏதோ பழகினாள். அதையும் கவனித்தேன். “யூ ஆர் ஸ்பையிங் ஒன் ஹிம், அப்பா” என்றாள் ஒருநாள். நான் தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போனேன்.

4

யோகாவுக்கு ஒரே தம்பி, குமரன். வன்னியில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடைக்கு மனேஜர். மனைவி வசந்தி, ஒரு பெடியன், இரண்டு சின்னப் பெட்டைகள். அந்த நாட்களில் அங்கே என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்காவது ஒரு இணைப்புக் கிடைத்தால் குமரன் எடுப்பான். சத்தம் குறைவு என்பதால் யோகா எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தையல் மெசினுக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள்.

இரண்டாயிரத்து ஒன்பதின் தொடக்கத்தில், இங்கே கோடை வெயில் எரிகிற ஒரு பின்னேரம், கடைசியாக எடுத்தான். முதுகு நோவோடு நான் வீட்டில் நின்றேன். மெசின் சத்தம் திடீரென நின்றது. பிறகு யோகாவின் குரல்.

“கேக்குதோ? தம்பி, கேக்குதோ? கேக்குதோ?”

வரவேற்பறைக் கதிரையில் இருந்து பாதிதான் கேட்டேன். இடம் மாறப் போவதாகச் சொன்னான். பிறகு தன்னுடைய பெடியனைப் பற்றி ஒரு விஷயம் சொன்னான். அது என்ன, யார் சம்பந்தப்பட்டது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. இந்தக் குறிப்பை யார் கையில் வைத்து வாசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. சண்டை பிடித்த இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கத்தின் காதில் விழுந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு ஆபத்தான வசனம் அது என்று மட்டும் சொல்கிறேன்.

இணைப்பு அறுந்தது. யோகா கொஞ்ச நேரம் வெறும் போனைப் பார்த்து “கேக்குதோ” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பிறகு மாதங்கள். பேர்ப் பட்டியல்கள், ஆரோ ஆருக்கோ சொன்ன கதைகள். சண்டை முடிந்தது என்றார்கள். வசந்தியும் இரண்டு பெட்டைகளும் வவுனியா முகாமில் இருப்பதாக ஒரு பாதிரியார் மூலம் தகவல் வந்தது. குமரனும் பெடியனும் அவர்களோடு இல்லை. முகாமில் இருந்து வசந்தியால் பேச முடியவில்லை. யோகா தைத்தாள், சமைத்தாள், என்னோடு இருந்து சாப்பிடுவதை விட்டாள். பின்னேரங்களில் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கிற சாட்டில் பின்னறைக்குப் போய் வருவாள் என்று பக்கத்து வீட்டுக் கிழவி எனக்குச் சொன்னாள். அதையும் மனதில் குறித்துக்கொண்டேன். என்னவென்று நினைத்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

5

குளிர் தொடங்கியிருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தேன். யோகாவும் அபியும் கடைக்குப் போயிருந்தார்கள். பின்னறையில் வழக்கமான மேளம். கிற்றார், குதிக்கால், கழுதையின் பல். எங்கள் தையல் மெசினும் உள்ளே ஓடுவதை அடையாளம் கண்டேன். பிறகு எல்லாம் ஒரு கணம் நின்றது.

“கேக்குதோ.”

மேளம் திரும்ப விழுந்தது. “கேக்குதோ, கேக்குதோ.”

தலையணை உறைகளைப் புல்லில் போட்டுவிட்டுக் கதவைத் தள்ளினேன். எமிலியோ திரும்பிப் பார்த்தான். என் முகத்தைக் கண்டதும் சத்தத்தை நிறுத்தினான்.

“இது எப்போது எடுத்தது?” என்று கேட்டேன்.

“தை மாதம். மெசினுக்கு வைத்த மைக். போன் வந்ததும் அதில் விழுந்துவிட்டது.”

“முழுக்க இருக்கா?”

“முழுக்க.”

“யாருக்கு அனுப்பினாய்?”

அவனுக்குக் கேள்வி விளங்கவில்லை. திரும்பவும் கேட்டேன். யாருக்காக வேலை செய்கிறாய், இதை யாரிடம் கொடுத்தாய் என்று. அவன் சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “செஞ்ஞோராவை, உங்கள் மனைவியைக் கேளுங்கள்” என்று மட்டும் சொன்னான்.

கணினியில் செருகியிருந்த, சவர்க்காரப் பெட்டியளவு கறுப்பு டிஸ்க்கைப் பிடுங்கினேன். அவன் தடுக்கவில்லை. தடுக்காததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. இன்னொரு பிரதி வைத்திருப்பவன்தான் தடுக்கமாட்டான். டிஸ்க்கைத் தோட்டச் சாமான்கள் வைக்கிற கொட்டிலுக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்து, துளைக்கிற மெசினுக்கு வயர் கொழுவிக்கொண்டிருக்கும்போது யோகா வாசலில் வந்து நின்றாள். கையில் இன்னும் கடைப் பை.

“அதை வையுங்கோ.”

“இதில என்ன இருக்கெண்டு தெரியுமோ உனக்கு?”

“தெரியும். என்ர தம்பி இருக்கிறான்.”

நான் மெசினைக் கீழே வைக்கவில்லை.

“அண்டைக்கே எமிலியோ வந்து சொன்னவன். தெரியாமல் பதிஞ்சு போச்சு, அழிக்கட்டோ எண்டு கேட்டவன். நான்தான் வேண்டாமெண்டனான். பின்னேரத்தில போய் ஒருக்காக் கேட்டிட்டு வாறனான்.”

“எனக்கேன் சொல்லேல்ல?”

“சொன்னா அழிச்சிருப்பியள்.”

யோசித்துப் பார்த்தேன். அழித்திருப்பேன்.

“அந்தப் பெடியன்ர விஷயம்? அதையும் கேட்டவனோ?”

“அவனுக்குத் தமிழ் தெரியுமோ? பாட்டுக்குத் தம்பியின்ர குரல் வேண்டாம், என்ர குரலை எடு எண்டு சொன்னனான். அந்த ஒரு சொல்லுத்தான் எடுத்தவன்.”

அவளுக்குப் பின்னால் அபி நின்றாள். “அப்பா, நான் ஒருக்காக் கேட்டனான். ஐ குடின்ட் ஃபினிஷ் இட்” என்றாள். அவள் தமிழில் தொடங்கியதை அப்போதுதான் கவனித்தேன்.

டிஸ்க்கை யோகாவின் கையில் கொடுத்தேன். ஆனால் அவனை அறையை விடச் சொல்லப் போகிறேன் என்றேன். “அப்ப என்னையும் சேர்த்து வெளிக்கிடச் சொல்லுங்கோ” என்றாள். பகிடிக்குச் சொன்னாளா என்று முகத்தில் தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. ரெலிபோனை மட்டும் தையல் அறையிலிருந்து வரவேற்பறைக்கு மாற்றினேன்.

6

அந்தப் பாட்டை மேடையில் போடப்போவதாக எமிலியோ வந்து அழைத்தான். மரிக்வில் பக்கம் ஒரு பழைய மண்டபம், ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். யோகா பருத்திச் சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வெளிக்கிட்டாள். நானும் போனேன். என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கவேண்டும்.

போகும் வழியில், காரின் பின்னிருக்கையில் கழுதைத் தாடையை மடியில் வைத்தபடி எமிலியோ விளக்கம் சொன்னான். அவர்களுடைய ஊர்ப் பாட்டில் ஒருவர் ஒரு அடியைப் பாடிக் கேட்பாராம். பலகையைச் சுற்றி நிற்கிற இன்னொருவர் பதில் பாடவேண்டுமாம். பதில் வராமல் பாட்டு அடுத்த அடிக்குப் போகாது.

“செஞ்ஞோரா கேட்கிறார். அந்தப்பக்கம் பதில் இல்லை. அதனால்தான் கிற்றாரைப் பதில் சொல்ல விட்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.”

நல்ல விளக்கம்தான். நல்ல விளக்கம் வைத்திருப்பவர்களின் பையைத்தான் நான் வேலையில் இரண்டாம் தரம் பார்ப்பேன்.

மண்டபத்தில் இருநூறு பேர் வரை இருப்பார்கள் என்று பட்டது. எல்லாம் இளசுகள். வெளியேறும் கதவுகள் எங்கே என்று முதலில் பார்த்துக்கொண்டேன். மேடையில் எமிலியோவின் கணினி, பலகையில் ஏறிக் காலால் தட்ட ஒரு பெண். தொடங்கியதும் தரை அதிர்ந்தது. யோகா பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் போய், காய்ச்சல் பார்ப்பது போல அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த இடம் வந்தது. எல்லாம் நின்றது. இருட்டுக்குள் அவளுடைய குரல். கூட்டம் அதைத் திருப்பிக் கத்தியது. அர்த்தம் தெரியாமல், பிழையான அழுத்தத்தோடு. மேளம் விழ, எல்லோரும் ஒன்றாகக் குதித்தார்கள். அது சாவு வீட்டில் கத்தவேண்டிய சொல் என்று தோன்றியது. இவர்கள் அதை வைத்து வியர்வை சிந்தி ஆடுகிறார்கள்.

பக்கத்தில் ஆடிய ஒரு பெடியன் குனிந்து, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் தெரியுமா என்று கேட்டான்.

“நான் பேசுவது கேட்கிறதா என்று அர்த்தம்” என்றேன்.

அவன் ஆடுவதை நிறுத்தினான். “யாரைக் கேட்கிறாள்?”

தம்பியை என்றேன். அவன் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பவும் கத்தினான். முதலிலும் பார்க்கச் சத்தமாக.

யோகாவைப் பார்த்தேன். அவளுடைய உதடு அசைந்தது. அந்தச் சத்தத்துக்குள் அவள் சொன்னது கூட்டத்தோடு சேர்ந்த கேள்வியா, வேறு ஏதாவதா என்று எனக்குக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் நான் அவளைக் கேட்கவில்லை. அன்றிரவு அவள் சோறு போட்டு, நான் கேட்காமலே பொரித்த மிளகாயும் வைத்து, எதிரே இருந்து தானும் சாப்பிட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு.

7

போன மாதம் வசந்தியையும் பெட்டைகளையும் முகாமிலிருந்து வெளியே விட்டார்கள். வவுனியாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டிலிருந்து போன் எடுத்தாள். அழுது முடிய, முதல் கேட்டது இதைத்தான்.

“மச்சாள், அவர் உங்களோட கடைசியாக் கதைச்சவரோ? என்ன சொன்னவர்? எனக்கு ஞாபகத்தில ஒண்டுமே நிக்குதில்லை. குரல்கூட மறந்து போச்சு.”

யோகா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். இந்த லைனில் வேண்டாம். அவள் வசந்தியிடம் நாளைக்கு எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

“அவளுக்குப் போட்டுக் காட்டத்தான் போறன்.”

“அந்த லைனை ஆர் கேக்கிறான் எண்டு உனக்குத் தெரியுமோ? பெடியன்ர விஷயம் அதில கிடக்கு. பெடியன் எங்கையாவது உயிரோட இருந்தால்?”

முதல் தடவையாக என் பயத்தில் ஒரு நியாயத்தைக் கண்டாள் போல. கதிரையில் இருந்துவிட்டாள். பிறகு நான் அவளிடம் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

எமிலியோவிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு வசனத்தை மட்டும் எடுக்கவேண்டும், மற்றதெல்லாம் இருக்கவேண்டும், எது என்று நான் காட்டுகிறேன். அவன் தன் கதிரையை எனக்குத் தந்துவிட்டுப் பலகை மேடையில் இருந்தான். காதில் போடுகிறதைப் போட்டுக்கொண்டேன். திரையில் குரல்கள் மேடும் பள்ளமுமாக ஓடின. படத்தைப் பார்த்து, இருக்கக்கூடாததைக் கண்டுபிடிக்கிற வேலை. எனக்குத் தெரிந்த வேலைதான்.

குமரன் பேசினான். உடைந்து உடைந்து, ஆனால் அவன்தான். சங்கக்கடைச் சாமானை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். சின்னவளுக்குப் பல் விழுந்ததைச் சொன்னான். பிறகு அந்த வசனம். கையைக் காட்டினேன். எமிலியோ எழும்பி வந்து அந்த இடத்தில் அடையாளம் வைத்தான். அவன் கண் என்னைத்தான் பார்த்தது, திரையை அல்ல.

அதற்கு அடுத்ததாக, தூரத்தில், ஒரு ஆம்பிளைக் குரல் வந்தது. “மெல்லக் கதையப்பா. பின்னுக்கு ஆள் இருக்கு.”

அது என்னுடைய குரல். அன்றைக்கு நான் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. கதிரையை விட்டு எழும்பிப் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

குமரனுக்கு அது கேட்டிருக்கிறது.

“அதார், அத்தானே? அத்தான், நாங்கள் இஞ்ச பங்கருக்குள்ள இருக்கிறம். உங்களுக்கு அங்க என்ன பயம்?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். நல்ல, முழுச் சிரிப்பு. கலியாண வீடுகளில் என்னைப் பகிடி பண்ணிச் சிரிக்கிற அதே சிரிப்பு. பிறகு யோகாவின் “கேக்குதோ” தொடங்கியது.

எமிலியோ குனிந்து, மெதுவாகக் கேட்டான். “உங்கள் குரலையும் எடுக்கட்டுமா?”

அதை எடுத்தால் அந்தச் சிரிப்பு எதற்கென்று யாருக்கும் விளங்காது. இருக்கட்டும் என்றேன்.

அடுத்த நாள் யோகா வசந்திக்கு எடுத்தாள். எமிலியோ கொடுத்த சின்னக் கருவியை நான் ரெலிபோன் வாயோடு பிடித்துக்கொண்டு நின்றேன். முழுவதும் ஓடி முடிந்தது. அந்தப்பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும்.

“அண்ணை” என்றாள் வசந்தி. “உங்களைக் கேட்டுச் சிரிக்கிறார் ஒரு இடத்தில. அதை இன்னொருக்காப் போடுங்கோ. பிள்ளையளுக்கும் கேக்கட்டும்.”

போட்டேன். இடையில் லைனில் மெல்லிய ‘கிளிக்’ ஒன்று கேட்டது. அது பழைய கம்பிகளின் கோளாறாக இருக்கலாம். வேறு யாராவது ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்களோடு சேர்ந்து கேட்கத் தொடங்கியதாகவும் இருக்கலாம். இருபது வருடமாக அந்தச் சத்தம் கேட்டதும் உடனே போனை வைத்துவிடுகிறவன் நான்.

அந்தப்பக்கம் ஒரு சின்னப் பெட்டை சிரித்தாள். “திரும்ப” என்றாள்.

திரும்பப் போட்டேன்.